அளத்துக்குப் போகாத சட்டை

எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போடுவார்கள். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் பாருங்கள். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகி, அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. சாலையில் காரில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஃபோட்டோ எடுப்பார்கள். வெயிலுக்கும் உப்புத் தெறிப்புக்கும் வேறு என்னதான் செய்வது என்று அவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை.

இந்தச் சட்டைகளெல்லாம் புருஷனுடையவை, இல்லாவிட்டால் அண்ணன் தம்பியுடையவை. அளத்துக்கென்று யாரும் புதுச் சட்டை வாங்க மாட்டார்கள். முதலில் அது அப்பாவின் கோயில் சட்டையாக இருக்கும். காலர் நைந்ததும் வேலைச் சட்டையாகும். முழங்கை கிழிந்ததும் அம்மாவிடம் வரும். வந்த பிறகு அதற்கு ஆயுசு கம்மி. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி விறைத்துப்போய், ஒருநாள் கையைத் தூக்கும்போது முதுகில் டர்ரென்று பிளந்துகொள்ளும். அப்புறம் அடுப்படியில் கரித்துணி. எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டைகள் அத்தனையும் இப்படித்தான் முடிந்தன. இதையெல்லாம் நான் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வரிசையில் எங்கேயும் சேராத ஒரு சட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லா வம்பும் அதனால்தான்.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் வளாகத்துக்குள்ளேயே இருந்த பள்ளிக்கூடம். வகுப்பில் ஜன்னல் பக்கம் ரோட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள், சுவர்ப் பக்கம் அளத்துப் பிள்ளைகள். ரோட்டுப் பிள்ளைகள் என்றால் மெயின் ரோட்டில் கடையோ மாடி வீடோ இருக்கிறவர்கள். எந்த மிஸ்ஸும் இப்படிப் பிரித்து உட்காரச் சொல்லவில்லை. நாங்களாகவே உட்கார்ந்துகொண்டோம். காற்று அவர்கள் பக்கம் வந்தது. முதல் ரேங்க் மட்டும் எங்கள் பக்கம் இருந்தது, அதாவது என்னிடம்.

அதைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் கீர்த்தனா வந்தாள் என்று நினைத்தேன். புதுச்சேரியில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எட்டாவது நடுவில் எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்தவள். என் அம்மா வேலை செய்த அளம் அவள் அப்பாவுடையது. எங்கள் வகுப்பு மின்விசிறிகளின் இறக்கையில் அவர் பெயர்தான் எழுதியிருக்கும். விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். கரண்ட் போனபோதெல்லாம் நாங்கள் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு அந்தப் பெயரைப் படித்துக்கொண்டிருப்போம்.

அரையாண்டுத் தேர்வில் அவள் முதல், நான் இரண்டாவது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. கார் இருக்கிறது, பரதநாட்டிய கிளாஸ் இருக்கிறது, டிஃபன் பாக்ஸில் தினமும் முட்டை இருக்கிறது. இதையுமா இவள் கொண்டுபோக வேண்டும்? வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்தேன். அம்மா பாத வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“இங்க பாரு, அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் வம்பு வச்சுக்காத. சொல்லிட்டேன்.”

“நானா வச்சுக்கறேன்? அவதான்...”

“உங்கப்பா மெட்ராஸ்லேர்ந்து எப்பயோ ஒருவாட்டி வர்றாரு. அதுவரைக்கும் நம்ம வூட்ல உலை கொதிக்கிறது அவங்க அளத்தாலதான். ரேங்க்கு போனா அடுத்த பரீட்சைல வாங்கிக்கலாம். அளம் போனா எங்க போயி வாங்குவ?”

அப்பா சென்னையில் சென்ட்ரிங் வேலை. போகும்போது நல்ல சட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அம்மாவுக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்றுக்கு முதுகு கிடையாது, ஒன்றுக்குக் காலர் கிடையாது.

பொங்கலுக்குப் பிறகு, அளத்தில் பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்த சமயம், காலம் தப்பி ஒரு மழை அடித்தது. எல்லோரும் தொப்பலாக நனைந்து வீடு திரும்பினார்கள். அம்மா கொஞ்சம் பிந்தி வந்தாள். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆனால் புடவைக்கு மேல் ஒரு புதுச் சட்டை போட்டிருந்தாள். பழுப்பு நிறத்தில் மெல்லிய வெள்ளைக் கட்டம் போட்டது, நல்ல கெட்டித் துணி, பாதிதான் நனைந்திருந்தது. யாருடையது என்று கேட்டேன். “மழைல நனையறேன்னு குடுத்தாங்க” என்றாள். யார் என்று கேட்டேன். “போயி அடுப்பப் பாரு” என்றாள்.

அந்தச் சட்டையை அவள் தனியாகத் துவைத்தாள். வெளியே கொடியில் போடாமல், வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள். காய்ந்ததும் மடித்து, பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்து, இரண்டு அந்துருண்டையும் போட்டு மூடினாள். மறுநாள் முதுகு இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு அளத்துக்குப் போனாள். ஈஸ்டருக்கு அப்பா வரும்போது கொடுக்கத்தான் பத்திரமாக எடுத்து வைக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். புருஷன் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஆண்டு விழா வந்தது. தமிழ் மிஸ் உப்பளத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதில் பெரிய வேடம் உப்பளத்துப் பெண். தனி நடனம் உண்டு, கடைசியில் அழுகிற காட்சி உண்டு, கைதட்டல் முழுவதும் அவளுக்குத்தான். அது எனக்குத்தான் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். மிஸ் கீர்த்தனாவைக் கூப்பிட்டார். எனக்கு முதலாளி வேடம்.

“ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் நின்னு பாக்கணும்மா. அப்பதான் மனசு விரியும்” என்றார் மிஸ்.

என் மனசு ஒன்றும் விரியவில்லை. கீர்த்தனா நல்ல சிவப்பு. மேடையில் அவளைக் கறுப்பாக்க புதுச்சேரியிலிருந்து தனியாக ஒரு பவுடர் வாங்கி வந்தார்கள். அந்த நிறம் வேண்டுமென்றால் சுவர்ப் பக்கம் முழுக்க இலவசமாகவே இருந்தது. அதை மிஸ்ஸிடம் சொன்னேன். வாய் நீளம் என்று திட்டு வாங்கினேன்.

உப்பு வாருவதற்கு அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் நான்தான். வீட்டிலிருந்து நீளக் கம்பு வைத்த வாரும் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அதிகாரம் செய்தேன். குனி என்றேன், நிமிராதே என்றேன், இப்படி இழுத்தால் சேறும் சேர்ந்து வரும் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒருநாள் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது என்று என்னிடம் காட்டிச் சிரித்தாள். மண் தரையில் பலகை இழுத்ததற்கே கொப்புளம். நானும் சிரித்துவிட்டேன். அன்றுதான் முதல்தடவையாக எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது.

என் வேடத்துக்கு எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. அவள் அப்பாவை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! விடுமுறை நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைப்பார், ஓரமாகத் துப்புவார், மீசையை ஒரு விரலால் நீவிவிட்டு, “என்னம்மா, இன்னிக்கு வெயிலு உங்க பக்கமா எங்க பக்கமா?” என்பார். இதை அப்படியே செய்து காட்டினேன். கீர்த்தனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அய்யோ, அப்படியே எங்கப்பா! மீசைய நீவறது கூட! எங்க கத்துக்கின?”

“எங்கம்மாக்குச் சோறு குடுக்கப் போறப்ப பாப்பேன். எங்கம்மா பாத்தியாண்டதான எப்பவும் நின்னுட்டு இருப்பாரு.”

“வீட்ல பேசவே மாட்டாரு. அங்க பேசுவாரா?”

“அய்ய, நல்லாப் பேசுவாரு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு.”

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பலகையை எடுத்து மறுபடியும் இழுக்க ஆரம்பித்தாள். உன் அப்பா கூலிக்காரர்களோடு பேசுகிறார் என்றதும் உனக்குக் கவுரவம் குறைந்துபோய்விட்டதோ என்று எனக்குள் கறுவிக்கொண்டேன். பிடித்தது மறுபடியும் பிடிக்காமல் போய்விட்டது.

விழாவுக்கு முந்தைய நாள் மிஸ் என்னிடம், “உங்கம்மாவோட அளத்துச் சட்டை ஒண்ணு கொண்டா. அதான் பாக்க ரியலா இருக்கும்” என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைகளைத் தேடினேன். முதுகு இல்லாததை எடுத்துப் பார்த்தேன், காலர் இல்லாததை எடுத்துப் பார்த்தேன். இரண்டையும் கீர்த்தனா விரல் நுனியால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பது மாதிரி மனசுக்குள் ஓடியது. ரோட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஓட்டை வழியாக எங்கள் வீட்டையே எட்டிப் பார்ப்பார்கள். முடியவே முடியாது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து பழுப்புச் சட்டையை எடுத்துப் பைக்குள் திணித்தேன். ஒரு சாயங்காலம்தானே, விழா முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம். எங்களிடமும் நல்ல சட்டை இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

மறுநாள் ஏழாம் வகுப்பு அறைதான் எங்களுக்கு மேக்கப் ரூம். மிஸ் எனக்கு வேட்டி கட்டிவிட்டு, கண்மையால் மூக்குக்குக் கீழே பெரிய மீசையாக வரைந்துவிட்டார். கீர்த்தனாவுக்குப் புடவை கட்டியாகிவிட்டது, கறுப்புப் பவுடரும் பூசியாகிவிட்டது. சட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது.

அவள் கையை நுழைத்தாள். பட்டன் போடத் தொடங்கியவள் மேலிருந்து இரண்டாவது பட்டனில் நின்றுவிட்டாள். மற்ற பட்டன்கள் எல்லாம் பழுப்பு, அது ஒன்று மட்டும் வெள்ளை. சிவப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அதை அவள் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு பட்டனைப் போய்க் கண்டுபிடித்துவிட்டாளே என்று.

“இது யாரோடது?” என்றாள்.

“எங்கம்மாவோடது. எங்கப்பா மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்தாரு” என்றேன். வாங்கி வந்தார் என்பது பொய்தான். அந்தப் பொய்யை அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அவள் என்னையே பார்த்தாள். கறுப்புப் பவுடருக்குள் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து இப்போது நான் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் ஆண்கள் பிரிவில் நிற்கிறேன். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன். அந்தச் சட்டைக்குள் என் அப்பாவைப் போல ஒன்றரை ஆள் நுழையலாம். அன்று எனக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் கழற்றவில்லை. மிச்சப் பட்டன்களைப் போட்டுக்கொண்டாள். தலையில் கட்ட வேண்டிய துண்டை எடுத்துத் தோளில் போட்டு, மாரோடு சேர்த்து முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டாள். “ஏய், அளத்துல யாரும் இப்படிப் போட மாட்டாங்க. தலைல கட்டணும்” என்றேன். “எனக்குத் தல வலிக்குது, விடு” என்றாள். வேணுமென்றே நான் சொல்லிக்கொடுத்ததைக் கெடுக்கிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது.

பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசை சோபாவில் நிஜ முதலாளியும் அவர் மனைவியும், கீர்த்தனாவின் அப்பா அம்மா. நடுவில் ரோட்டுக்காரர்கள் நாற்காலியில். கடைசியில் மணலில் எங்கள் ஆட்கள். அம்மா அளத்திலிருந்து நேராக வந்து, மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்து பார்த்தேன்.

கீர்த்தனா நன்றாக ஆடினாள். என்னைவிட நன்றாக என்று சொல்ல மாட்டேன். நான் குடையோடு நுழைந்ததுமே பின்னால் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உப்பை நாக்கில் வைத்துத் துப்பினேன். மீசையை நீவினேன். “என்னம்மா, இன்னிக்கு வெயிலு உங்க பக்கமா எங்க பக்கமா?” என்றேன். பந்தலே அதிர்ந்தது. முன்வரிசையில் முதலாளியே தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் அவள், அந்தத் துண்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே உப்பு வாரிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் எவளாவது உப்பு வாருவாளா? பின்னால் எங்கள் ஆட்கள் பார்க்கிறார்களே, என்ன நினைப்பார்கள்? நாடகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். அவளிடம் போய்த் துண்டை வெடுக்கென்று உருவி, “தலைல கட்டும்மா, வெயில்ல மண்ட பொளந்துடும்!” என்று முதலாளி குரலிலேயே சொல்லி, அவள் தலையில் நானே கட்டினேன்.

இன்னும் பெரிய சிரிப்பு வந்தது. முன்வரிசையில் மட்டும் வரவில்லை. முதலாளியின் மனைவி கைதட்டப் போன இரண்டு கைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, சோபா நுனிக்கு வந்து, மகளின் மார்பில் இருந்த அந்த வெள்ளைப் பட்டனைப் பார்த்தார். முதலாளி குனிந்து செல்ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் மணலில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்றது தெரிந்தது. அது அம்மா.

பெட்டியைத் திறந்தது தெரிந்துவிட்டது, இன்று செத்தேன் என்று நினைத்தேன். என் கவலையெல்லாம் அவ்வளவுதான்.

நாடகம் முடிந்து நாங்கள் அறைக்குள் வந்து மூச்சுகூட விடவில்லை, முதலாளியின் மனைவி வந்துவிட்டார். சிரித்த முகம்தான். மிஸ்ஸிடம் நாடகம் பிரமாதம் என்றார். பிறகு மகளின் சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

“இது ஏதுடி?”

“நம்ம வீட்டுதுதான்மா. டிராமாவுக்குன்னு நான்தான் எடுத்துட்டு வந்தேன்” என்றாள் கீர்த்தனா.

“எப்போ எடுத்த? நான் தேடாத எடம் இல்ல. டிரைவரக்கூடக் கேட்டுட்டேன்.”

“போன மாசமே எடுத்து ஸ்கூல்ல வச்சுட்டேன். நீ திட்டுவேன்னு சொல்லல. பாரு, நான் தச்ச பட்டன்.”

அந்த அம்மாவின் விரல்கள் காலரை விட்டன. எனக்கோ காதில் புகை வந்தது. ரேங்கை எடுத்துக்கொண்டாள், வேடத்தை எடுத்துக்கொண்டாள், இப்போது கண் எதிரே என் அம்மாவின் சட்டையையும் எடுத்துக்கொள்கிறாளா? எவ்வளவு திமிர் இருந்தால் பட்டனை நான் தைத்தேன் என்பாள்!

“பொய்!” என்று கத்தினேன். “அது எங்கம்மா சட்ட! எங்க பொட்டிலேர்ந்து நான்தான் எடுத்தாந்தேன். வேணும்னா எங்க வூட்ல வந்து கேளுங்க!”

கீர்த்தனா என் காலை ஓங்கி மிதித்தாள். வலித்தது. வலித்ததால் இன்னும் சத்தமாகச் சொன்னேன். மழையில் நனைந்து அம்மா அதைப் போட்டுக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அந்துருண்டை போட்டு வைத்ததைச் சொன்னேன், முகர்ந்து பாருங்கள் என்றேன். வேட்டியும் மீசையுமாக நின்றுகொண்டு இவ்வளவையும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் அம்மா நிற்கிறாள். அப்பாடா, சாட்சி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஏம்மா, இது உன்னுதா?” என்று கேட்டார் முதலாளியின் மனைவி. குரல் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா சட்டையைப் பார்த்தாள். கீர்த்தனாவைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“எங்களுது இல்லீங்க” என்றாள்.

“ம்மா! பழுப்புச் சட்டம்மா! நம்ம பொட்டில...”

பளாரென்று விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே கிடையாது. “அடுத்தவங்க பொருளுக்கு ஆசப்பட்டு எங்கடி பொய் பேசக் கத்துக்கின?” என்றாள். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸின் பார்வையில் இருந்த இரக்கம்தான் அடியைவிட மோசம். ஏழைப் பெண், நல்ல சட்டையைப் பார்த்ததும் புத்தி தடுமாறிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது. கீர்த்தனா சட்டையைக் கழற்றி மடித்துத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, “பொண்ணுக்கு வாயி ஜாஸ்தியா இருக்கு, பாத்துக்க” என்று என் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது அந்தச் சட்டையை அவர் மூக்கருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்து, அந்த அளத்தில் ஆள் அதிகம், இனிமேல் வர வேண்டாம் என்றார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கழுவெளி ஏரிப் பக்கம் வேறொருவர் அளத்துக்கு, இன்னும் ரொம்ப தூரம், நடந்து போக ஆரம்பித்தாள். நடுவில் கொஞ்ச நாள் எங்கேயும் வேலை கிடைக்காமல் கஞ்சிதான் குடித்தோம். ஈஸ்டருக்கு அப்பா வந்தபோது, “ஏன் அங்க உட்டுட்டு இவ்ளோ தூரம் போற?” என்று கேட்டார். “இங்க வரப்பு நல்லா இருக்குது” என்றாள் அம்மா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். என் வாய் எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்று நான் பேசவில்லை. யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

கீர்த்தனா விழாவுக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் என்னிடம் வந்தாள். தண்ணீர்க் குழாயடியில், “லூசு, உனக்கும் சேத்துதான்டி சொன்னேன்” என்றாள். என் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கும் சேர்த்தா என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவளை மறுபடியும் புதுச்சேரி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். ஒத்துக்கொள்ளாத அந்தச் சாப்பாடு திடீரென்று எப்படி ஒத்துக்கொண்டது என்று எனக்குப் புரியவில்லை. பத்தாவதில் முதல் ரேங்க் என்னிடம் திரும்பி வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன், அதில் ஒரு ருசியும் இல்லை.

மழையில் நனைந்த ஒருத்திக்கு யாரோ ஒரு சட்டை கொடுத்தார்கள். அவ்வளவுதானோ என்னவோ. அவ்வளவுதான் என்றால் அம்மா ஏன் எங்களுது இல்லை என்று சொல்ல வேண்டும்? அதற்கு மேல் என்றால், அம்மா அதைப் பயந்து ஒளித்து வைத்தாளா, ஆசைப்பட்டு எடுத்து வைத்தாளா? இரண்டு அந்துருண்டையை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் தீர்ப்பு சொல்வது? கடையில் பழுப்புக் கட்டம் போட்ட சட்டையை மடிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அன்றைக்கு வீடு திரும்பிய வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விழா முடிவதற்குள்ளேயே அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன், மீசையை மறந்துவிட்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அளம். கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் அம்மா என் கையை விட்டாள். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து என்னை எதிரே நிறுத்தினாள்.

“அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு” என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான் நெஜத்ததான சொன்னேன்?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் அடிச்ச?”

அம்மா என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். முந்தானை நுனியை எச்சில் தொட்டு என் மீசையைத் துடைத்தாள். கண்மை அவ்வளவு லேசில் போகுமா? கன்னத்தில் ஈஷிக்கொண்டது. மறுபடியும் எச்சில் தொட்டு, இன்னும் அழுத்தித் துடைத்தாள். அளத்தில் வேலை செய்த கை, உப்பு ஊறிய புடவை. உதட்டுக்கு மேல் எரிந்தது. எரியுதும்மா என்றேன். அவள் காதில் விழவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கத் தேய்க்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு மீசைக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “விடும்மா, வூட்டுக்குப் போயி சோப்புப் போட்டா போயிடும்” என்று நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.